அத்தை எந்த லைன்?

பெற்றவர்கள் அவனுக்கு ஒரு நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். அதை இப்போது யாரும் சொல்வதில்லை. மாமியார் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவன் பெயர் வாட்டு.

புது வீட்டுக்கு சோலார்தான் என்று முடிவான நாளிலிருந்து அவன் கையில் ஒரு குட்டி மீட்டர் முளைத்திருந்தது. கண்ணில் பட்ட பிளக்கை எல்லாம் பிடுங்கி, நடுவில் அந்த மீட்டரைச் சொருகி, இது எத்தனை வாட் இழுக்கிறது என்று குனிந்து பார்ப்பான். தன் வீட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே புகுந்து பிரிட்ஜை நகர்த்தி முதுகுப்பக்கம் ஒட்டியிருந்ததைப் படித்தான். "என்னடி இது, வாட்டு வாட்டுன்னு உயிரை வாட்டுறாரு மனுஷன்" என்று மாமியார் மகளிடம் அலுத்துக்கொண்டாள். அன்று மாலைக்குள் பெயர் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது.

வீடு ஊருக்கு வெளியே, கடைசி கரண்ட் கம்பத்தையும் தாண்டி, ஒரு மேட்டில் இருந்தது. அங்கே கம்பம் நட மின்சார அலுவலகத்தில் கேட்டபோது, "பார்க்கலாம்" என்றார்கள். அந்த "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்பது வாட்டுவுக்குத் தெரியும், ஏனென்றால் அவனே அதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன். உங்க கம்பமும் வேணாம், கம்பியும் வேணாம் என்று வந்துவிட்டான். கூரையில் பலகைகள், படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி, சூரியன் பாட்டுக்கு வேலை செய்யட்டும், யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டாம்.

அவனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எவனாவது காரைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிவிட்டு ரிப்பேர் பில்லை அனுப்புவான். வாட்டு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வரி வரியாக இறங்குவான். பம்பர், அவசியம். பம்பருக்கு மேலே இருந்த சிங்கப் படம், அவசியமில்லை. கதவு, அவசியம். கதவைத் திறந்தால் பாட்டுப் பாடும் மணி, அவசியமில்லை. இப்படியே எழுதி எழுதி, உலகத்தில் இருப்பதெல்லாம் இந்த இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடும் என்று அவன் மனதார நம்பிவிட்டான்.

ஆகவே கடைக்காரர் அந்த இன்வெர்ட்டரைக் காட்டியபோது அவனுக்குப் புல்லரித்தது. அதிலிருந்து கரண்ட் வெளியே போக இரண்டு லைன். பேட்டரி நிறைந்திருந்தால் இரண்டிலும் போகும். பேட்டரி இறங்க ஆரம்பித்தால் இரண்டாவது லைனை அதுவே அடைத்துவிடும். யாரையும் கேட்காது, யார் முகத்தையும் பார்க்காது. தன்னை உரித்து வைத்த மாதிரி ஒரு மெஷினை வாட்டு அதுவரை பார்த்ததில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலின் பெயர் அத்தை.

வாட்டுவின் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். ஸ்டீயரிங் யார் கையில் இருந்தாலும் தன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தொழில். வீட்டிலும் அதை விட்டுக்கொடுத்ததில்லை. மேட்டு வீட்டு விஷயத்தில் அவள் பிரேக்கை ஒரே ஒரு தடவைதான் மிதித்தாள்.

"அம்மா வந்தா நான் வர்றேன். அம்மா வரலைன்னா நீங்களும் உங்க சூரியனும் குடித்தனம் நடத்துங்க."

அம்மா என்பவள் செருப்புக் கடைக்கு மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவள். ஊரில் பாதிப் பேருக்குப் புருவம் செதுக்கியவள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டாள். ஆனால் பார்லரின் பின்னறையிலேயே தனியாக இருந்தாள், படியில் ஏறி இறங்க முடியாமல், யாரிடமும் அதைச் சொல்லாமல். மாதம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மகளோடு வந்துவிடுவது என்று பேச்சு. தினமும் காலையில் தலைக்குக் குளித்து, லிப்ஸ்டிக் போட்டு, பார்லர் காலத்து ஹேர் டிரையரை எடுத்து முடியைப் பொங்கப் பொங்க உலர்த்துவாள். கால் ஓய்ந்தாலும் முடி ஓயவில்லை.

அந்த ஹேர் டிரையரில் மீட்டரைச் சொருகிய அன்று வாட்டு இரண்டடி பின்னால் போனான்.

"ரெண்டாயிரமா! அத்தை, இது முடி காய வைக்கவா, மழை பெஞ்ச ரோடு காய வைக்கவா?"

அத்தை அவன் உச்சந்தலையை ஒரு பார்வை பார்த்தாள். "முடி இருக்கிறவங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும், மாப்பிள்ளை."

வாட்டு அன்று மாலையே லேப்டாப்பில் கணக்குப் போட உட்கார்ந்தான். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை வாட் என்று ஒரு கட்டம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தை மீட்டர் நிரப்பியது. இரண்டாவதை யாரைக் கேட்டும் நிரப்பவில்லை. தனக்குத் தோன்றியதைப் போட்டான். ஹேர் டிரையருக்கு இரண்டு மணி நேரம் என்று போட்டான், ஏனென்றால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அது அவ்வளவு நேரமாகத்தான் பட்டது. தன் படுக்கையறை ஏசிக்கும் இரண்டு மணி நேரம்தான் போட்டான். படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறவன், அதற்குமேல் அது ஓடுவதை எங்கே கண்டான்?

கணக்கு முடிந்தபோது எல்லாம் கச்சிதமாகப் பிரிந்திருந்தது. தண்ணீர் மோட்டார், பிரிட்ஜ், விளக்கு, ஃபேன், வைஃபை, தன் ஏசி எல்லாம் அவசியம். தூக்கம் ஆரோக்கியத்துக்கு நல்லது அல்லவா? மீன் தொட்டியின் காற்று மோட்டாரும் அவசியம். நின்றால் ஆரஞ்சு மீன் இரண்டும் செத்துவிடும். வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் இருக்கும் அறை, இவை அவசியமில்லை.

வயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன், "அந்த ரூமுக்கு ரெண்டா இழுக்கட்டா சார்? லைட்டு, ஃபேன் இந்த லைன்ல, பிளக்கு மட்டும் அந்த லைன்ல?" என்று கேட்டான்.

"எதுக்கு? ஒரே வயரா இழுங்க."

"உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று அவன் ஒரே வயராக இழுத்துவிட்டுப் போனான்.

இதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது. வாட்டு லேபிள் அடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கினான். போனில் எழுதினால் பட்டையாக ஒட்டுத்தாளில் அச்சடித்துத் துப்பும். ஹாலில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், சுவிட்ச் போர்டு பெட்டியைப் பதித்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே பெயர் ஒட்டினான். "அத்தை ரூம் பிளக்" என்று அடித்துப் பார்த்தான்; பட்டை நீளமாகிப் பக்கத்துப் பொத்தானின் மேல் ஏறியது. "அத்தை ரூம்" என்று சுருக்கினான், அதுவும் இடித்தது. கடைசியில் கச்சிதமாக உட்கார்ந்தது ஒரே ஒரு சொல்தான். தள்ளி நின்று அழகு பார்த்தான். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் தலைப்பும் அடித்து ஒட்டினான். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

குடிபோன வாரம் முழுக்க வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்டு அலுவலகத்து ஆட்களையும் சொந்தக்காரர்களையும் வீடு பார்க்க அழைத்திருந்தான். வந்தவர்கள் முன்னால் கஞ்சத்தனம் காட்டக் கூடாதென்று பகலிலேயே எல்லா விளக்கையும் போட்டான். ஏசியை ஓடவிட்டான். மேனேஜரைத் தோளில் கை போடாத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் படிக்கட்டுக்கு அடியில் பேட்டரியைக் காட்டினான். பேட்டரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு அது தெரியவில்லை, வாட்டு அதைப் பார்க்கவில்லை.

"கரண்ட் போறதுங்கிற பேச்சுக்கே இந்த வீட்டுல இடமில்லை சார்."

ஹாலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தயாராகிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஹேர் டிரையர் சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது.

ஹாலில் ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, பிரிட்ஜ் உறுமியது. கதவு திறந்து அத்தை வெளியே வந்தாள். இடது பக்கத்து முடி பொங்கி மேகம் மாதிரி நின்றது. வலது பக்கத்து முடி கன்னத்தோடு ஒட்டித் தண்ணீர் சொட்டியது. ஒரு உதட்டுக்குத்தான் லிப்ஸ்டிக்.

"கரண்ட் போயிடுச்சு" என்றாள். பிறகு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் போயிருக்கு."

வாட்டு வாயைத் திறப்பதற்குள் அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சுவிட்ச் போர்டு பக்கம் போய்விட்டாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பார்லரில் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த அதே குரலில் படித்தாள்.

"அவசியம். மோட்டார், பிரிட்ஜ், லைட், வைஃபை, ஏசி, மீன்." கொஞ்சம் குனிந்தாள். "அவசியமில்லை. வாஷிங் மெஷின், இஸ்திரி, அத்தை."

மேனேஜரின் மனைவிக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றப் பார்த்து, இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தது.

"அத்தை, அது இடம் பத்தல. அத்தை ரூம் பிளக்குன்னுதான் அடிச்சேன், பட்டை நீளமாப் போச்சு..."

"மீனுக்கு இடம் பத்தியிருக்கே, மாப்பிள்ளை."

"மீனு... அது காத்து இல்லைன்னா செத்துடும் அத்தை."

அத்தை தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் வாட்டு எப்படியாவது சமாளித்திருப்பான். அவள் கோபப்படவில்லை. வந்தவர்களைப் பார்த்து, "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் சாத்தியிருந்த இருட்டு அறைக்குள் போய், போன் வெளிச்சத்தில் பையைக் கட்டினாள். பார்லர் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. மகள் கார் சாவியை எடுத்தாள். போகும்போது வாட்டுவைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மா எங்கேயோ நான் அங்கே. முன்னாடியே சொல்லியிருக்கேன்."

டிரைவிங் ஸ்கூல் கார் மேட்டை விட்டு இறங்குவதை வாட்டு வாசலில் நின்று பார்த்தான். அந்தக் கார் அவ்வளவு வேகமாகப் போய் அவன் பார்த்ததில்லை.

வந்தவர்கள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். வீட்டில் அவசியமானதெல்லாம் இருந்தது. மோட்டார் ஓடியது, வைஃபை மின்னியது, மீன் நீந்தியது. அவ்வளவு வெளிச்சத்தில் வாட்டு ஒருத்தனாக உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. மீன்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டான்.

முதலில் அவனுக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் செய்தான். கீழ் வரிசை லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, "மரியாதைக்குரிய அத்தை" என்று மூன்று வரியாக மடித்து அடித்து, மேல் வரிசையில் ஒட்டி, போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினான். அவள் உடனே போன் செய்தாள்.

"லேபிளை மாத்தினீங்க. வயரை மாத்தினீங்களா?"

"இல்லை."

வைத்துவிட்டாள்.

வயரை மாற்றுவதென்றால் சும்மா இல்லை. மேல் வரிசை ஏற்கெனவே தாங்குகிற அளவுக்கு இருந்தது. ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்கியாக வேண்டும். வாட்டு மறுபடி கணக்கைத் திறந்தான். ஹேர் டிரையரின் இரண்டு மணி நேரம் அவனை முறைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு யாரையாவது கேட்கலாம் என்று தோன்றியது.

"மேல் லைன்ல இடமே இல்லை, அதான் கேக்கிறேன். அத்தை தலை காய வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மனைவியிடம் போனில் கேட்டான்.

"பத்து நிமிஷம். ஏன், அதுக்கும் பில் போடப் போறீங்களா?"

அன்றிரவு மீட்டரை ஏசியில் சொருகிவிட்டுப் படுத்தான். காலையில் எழுந்து பார்த்தவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஏசி விடிய விடிய ஓடியிருந்தது. அத்தை அரை மாதம் தலை காய வைக்கிற கரண்டை அவன் ஒரே ராத்திரியில் குடித்துவிட்டுக் குறட்டை விட்டிருக்கிறான். வாட் வாட் என்று ஊரெல்லாம் குனிந்து பார்த்தவன், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் எங்கேயும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு பில் வந்திருந்தால் சிவப்புப் பேனா பேப்பரைக் கிழித்திருக்கும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வேலையை முடித்தான். அவன் போனதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செருப்புக் கடைக்கு வந்து மாடி ஏறினான். படி செங்குத்தாக இருந்தது. பாதியில் மூச்சு வாங்க நின்றபோதுதான், இந்தப் படியில்தான் அந்த முழங்கால் இத்தனை நாளும் ஏறி இறங்கியது என்பது உறைத்தது.

பார்லரில் ஒரே ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது. மனைவி அதில் உட்கார்ந்திருக்க, அத்தை அவளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தார்கள். யாரும் திரும்பவில்லை.

"அத்தை, நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். நீங்க பத்து நிமிஷம்தான். நான் ரெண்டு மணி நேரம்னு போட்டுட்டேன். நெஜமாப் பார்த்தா என் ஏசி உங்களைவிட பதினஞ்சு மடங்கு..."

"மாப்பிள்ளை." கத்தரி நின்றது. "நான் எத்தனை மடங்குன்னு கேட்டேனா?"

வாட்டு அசடு வழிந்தான்.

"அந்த லேபிள்ல எனக்கு வருத்தம் இல்லை. அது சிரிப்புதான். ராத்திரி நானும் இவளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்." அத்தை மகளின் தோளில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டாள். "வீடு பார்க்கக் கூப்பிட ஊருக்கெல்லாம் போன் போட்டீங்களே. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அவசியம் வாங்க, அவசியம் வந்துடுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னீங்க. கார் இன்சூரன்ஸ் பணத்தைத் தர மாட்டேன்னு யார்கிட்ட சண்டை போட்டீங்களோ, அந்த ஆளைக்கூட அவசியம் வாங்கன்னு கூப்பிட்டீங்க. என்னைக் கூப்பிட்டீங்களா?"

வாட்டு யோசித்தான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. "நீங்கதான் வர்றதா முடிவாயிடுச்சே அத்தை..."

"யார் முடிவு? இவ போட்ட கண்டிஷன் அது. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு கண்டிஷனா வந்து உக்கார எனக்கு வெக்கமா இருக்கு மாப்பிள்ளை. இந்தப் படி ஏற முடியலைதான். அதுக்காக, வேண்டாத எடத்துல போய்க் குளுகுளுன்னு இருக்கணுமா?"

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் பிசிறியது. அதை மறைக்கக் கத்தரியை எடுத்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டினாள். நாற்காலியில் இருந்த மனைவி கண்ணாடி வழியாகக் கணவனையே பார்த்தாள். இந்த முறை அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. ஓட்டுகிறவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

வாட்டு ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான். தினமும் அந்தச் சொல்லை நூறு தடவை எழுதுகிறவன்தான். இப்போது அதைப் பேனா இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க வீட்டுக்கு அவசியம் வாங்க அத்தை. இவ சொன்னதுக்காக இல்லை. நேத்து நீங்க ரெண்டு பேரும் இல்லாம அந்த வீட்டுல என்னால உக்கார முடியலை."

அத்தை மகளின் தலையில் எஞ்சியிருந்த ஒரு பக்கத்தை வெட்டிச் சமன் செய்தாள். பிறகு கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த லைன்ல?"

"மேல் லைன்ல. மீனுக்குப் பக்கத்துல."

"மேல இடமே இல்லைன்னு இவகிட்டப் புலம்பினீங்களாமே. யாரை எறக்கினீங்க?"

"என்னை" என்றான் வாட்டு. "ஏசியோட ரூமையே கீழ எறக்கிட்டேன். மேகம் வந்தா மொதல்ல எங்க ரூம்தான் போகும்."

"எங்க ரூமா?" மனைவி நாற்காலியில் துள்ளி எழுந்தாள். "அதுல நானும்தாங்க படுக்கிறேன்! என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வாட்டு திருதிருவென்று விழித்தான். கேட்கவில்லை. அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"நீ என் ரூமுக்கு வந்து படுடி, ஃபேனாவது நிக்காது" என்றாள். "மாப்பிள்ளை தனியா வேர்த்துக்கிட்டுக் கெடக்கட்டும். எறங்கலாம், பையைத் தூக்குங்க மாப்பிள்ளை. கையையும் குடுங்க, படி செங்குத்தா இருக்கு."